பூனையின் மேல் போட்ட பழி

நான் ஒரு பூனையின் மேல் பழி போட்டேன். பூனையோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தப் பூனைக்குச் சோறு வைத்த பெண்ணின் மேலும் போட்டேன். அவள் வேலை போனது. என் வேலை நிலைத்தது.

சொல்லிவிட்டேன். இனி நடந்ததைக் கேளுங்கள். நடுவில் எங்காவது நான் எனக்கே வக்காலத்து வாங்குவதுபோலத் தெரிந்தால், தயவுசெய்து நம்பாதீர்கள்.

ஒரகடத்தில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். கூட்டுவது, துடைப்பது, கழிப்பறை, ரிசப்ஷன் எல்லாம் என் பொறுப்பு. ஆறு வருடம் கான்ட்ராக்டில் இருந்தேன். போன டிசம்பரில் அட்மின் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: “கஸ்டமர் விசிட் நல்லபடியா முடியட்டும்மா. உன் பேரை பர்மனென்ட்டுக்கு அனுப்பறேன்.”

பர்மனென்ட்! வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். சம்பாதிப்பவள் நான் ஒருத்தி. அந்தச் சொல் எனக்கு என்னவாகக் கேட்டிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

வரப்போகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். ஆகவே ரிசப்ஷனில் கிறிஸ்துமஸ் மரம் வைக்க வேண்டும் என்றார்கள். எங்களில் யாருக்கும் அது பழக்கமில்லை. ஆயுத பூஜைக்கு மெஷினில் வாழைக்கன்று கட்டச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு கட்டுவோம். பிளாஸ்டிக் மரம் பெட்டியில் வந்தது. ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. ஸ்டாண்டில் ஒரு கால் உடைந்திருந்தது. நான் யோசித்தேன். தீயணைக்க மணல் நிரப்பித் தொங்கவிட்டிருக்கும் சிவப்பு வாளிகளில் ஒன்றை எடுத்துவந்து, அதில் மரத்தை நட்டேன். கல்லுபோல நின்றது. வாளிக்கு மஞ்சள் குங்குமம் வைக்கப் போன ஒருத்தியைத் தடுத்து நிறுத்தியதும் நான்தான்.

பொம்மைகள், பந்துகள், சரவிளக்கு, உச்சியில் தகர நட்சத்திரம்... எட்ட நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை பாதிப் பந்துகள் தரையில் கிடந்தன. நடுக்கிளையில் கேசரி உட்கார்ந்திருந்தது.

கேசரி என்பது கேண்டீன் பூனை. அதன் நிறத்துக்காக அந்தப் பெயர். கூடவே வளர்ந்த குட்டிகள் இரண்டு. எலி வயரைக் கடிக்கும் என்பதால் அவற்றை யாரும் விரட்டியதில்லை. கேண்டீனில் தட்டு கழுவும் மரகதக்கா, மிச்சம் விழும் தயிர்ச் சோற்றைப் பின்வாசலில் அவற்றுக்கு வைப்பாள். பின்வாசலிலிருந்து ரிசப்ஷன் பத்தடி தூரம்.

எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிறவள் இல்லை நான். பூனைக்கு வாசம் ஆகாது என்றார்கள் என்று மரத்தைச் சுற்றி ஆரஞ்சுத் தோல் போட்டேன். கேசரி அதன்மேல் படுத்துத் தூங்கியது. அந்துருண்டை வைத்தேன். ரிசப்ஷன் பெண்தான் நாள் முழுக்கத் தும்மினாள். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு காவல் இருந்தேன். அது ஒரு குதி குதித்து, சோபாவின் கீழிருந்து என்னையே பார்த்தது.

நேரே கேண்டீனுக்குப் போனேன்.

“அக்கா, உன் பூனைய அடக்கி வைக்கிறியா இல்லியா?”

“என் பூனையா? அது கம்பெனி பூனை சாந்தி. ஒரு ஐடி கார்டு போட்டுக் குடு, உன் பேச்ச கேட்டுக்கினு லைன்ல நிக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள்.

“இன்னாடி, அவ்ளோ முக்கியமா?”

“பர்மனென்ட் விசயம்க்கா.”

“அத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா? இனிமே இங்க சோறு வெக்க மாட்டேன், போ.”

சொன்னபடி செய்தாள். அன்றிலிருந்து தட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்கிராப் யார்டுவரை நடந்தாள். அது கடைக்கோடி. வடக்குப்பட்டிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவள், முழங்கால் வலிக்காரி, சாப்பாட்டு இடைவேளையில் பாதியைப் பூனைகளுக்காக நடந்தே கழித்தாள். பூனைகளும் அங்கே பழகிவிட்டன. பகலில் ரிசப்ஷன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது தெரியும். தெரிந்தேதான்...

ஒரு தொல்லை மட்டும் மிச்சமிருந்தது. யாருமில்லாத நேரங்களில் அவை வந்து போய்க்கொண்டிருந்தன, மரத்துக்காக அல்ல, மணலுக்காக! பூனைக்கு மணலைக் காட்டினால் என்ன செய்யும் என்று எனக்குத் தோன்றாமல் போனதே! ரிசப்ஷன் முழுக்க நாற்றம். விசிட்டுக்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, தனியாக வந்தேன். வாளி மணலை அள்ளி மதிலோரம் கொட்டினேன். அதற்குப் பதில் தெர்மாகோல் துண்டுகளைத் திணித்து, மேலே பஞ்சைப் பரப்பினேன். பனிபோல அழகாக இருந்தது. மரத்தை ஆட்டிப் பார்த்தேன். ஆடியது.

ஆடட்டும், விழாது என்று நானே சொல்லிக்கொண்டேன். அடியில் கனமில்லாமல் எது நிற்கும்? அந்த அறிவு எனக்கு இல்லையா? இருந்தது. பூனைகளை ஜெயித்துவிட்ட குஷி அதை மறைத்துவிட்டது.

திங்கட்கிழமை காலை. மழைக்காற்று. விருந்தாளிகள் படியேறியதும் கண்ணாடிக் கதவு இரண்டையும் விரியத் திறந்தார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, விருந்தாளிகளுக்குச் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தார்கள்; அவர்களும் கிண்ணத்தின் மேல் குனிந்திருந்தார்கள். நான் ஒருத்திதான் மரத்தைப் பார்த்து நின்றேன். காற்று உள்ளே நுழைந்தது. மரம் ஒருமுறை தலையசைத்து, அப்படியே முன்னால் சாய்ந்தது.

தகர நட்சத்திரம் ஒரு விருந்தாளியின் காலணியருகே போய் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. மேனேஜர் திரும்பினார்.

“என்னம்மா இது?”

“பூனை சார்.”

வாய் சொல்லிவிட்டது. அப்போது கேசரி எங்கே இருந்தது தெரியுமா? பைக் ஷெட்டில் ஒரு சீட்டின் மேல் சுருண்டு கிடந்தது. பத்து நிமிடம் முன்பு நானே பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

வந்தவர்கள் பூனை என்று கேட்டதும் சிரித்தார்கள். தன் வீட்டிலும் இதே கதைதான் என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னாராம். சிதறிய தெர்மாகோலை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. கூட்டுவது என் வேலையல்லவா? சாட்சியைக் கூட்டி அள்ளவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

விருந்தாளிகளின் சிரிப்போடு முடிந்திருக்கலாம்... ஆனால் எங்கள் கம்பெனியில் ஒரு முறை உண்டு. எது கெட்டுப்போனாலும் ‘ஒய்-ஒய்’ என்று ஒரு தாள் நிரப்ப வேண்டும். ஏன் என்று ஐந்து தடவை கேட்டு, ஐந்து பதில் எழுத வேண்டும். ஐந்தாவது பதில்தான் ஆணிவேர். நடவடிக்கை அதன்மேல்தான் வரும். மத்தியானத்துக்குள் எழுதித் தரச் சொன்னார் மேனேஜர்.

பேனாவைத் திறந்தேன். மரம் ஏன் விழுந்தது? பூனை ஏறியது. பூனை ஏன் ஏறியது? ரிசப்ஷனுக்குள் வந்தது. ஏன் வந்தது? பின்வாசலில் சுற்றிக்கொண்டிருந்தது. ஏன் சுற்றியது? அங்கே சாப்பாடு கிடைக்கிறது. நான்கு கட்டம் நிரம்பிவிட்டது. ஐந்தாவது காலியாக என்னைப் பார்த்தது.

‘அடியில் மணல் இல்லை’ என்று எழுதினால் முதல் கேள்வியிலேயே கதை முடிந்திருக்கும். அது எனக்குத் தெரியாதா? தேநீர் ஆறும்வரை அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்: ‘கேண்டீன் ஊழியர் மரகதம் தினமும் உணவு வைக்கிறார்.’

கை நடுங்கவில்லை. எழுத்து முத்துமுத்தாக இருந்தது. பொய்யை எழுதும்போது கை நடுங்கும் என்கிறார்களே... எனக்கு நடுங்கவில்லை.

கேமரா பதிவை யாரும் பார்க்கக் கேட்கவில்லை. பூனை என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? உணவுப் பாதுகாப்பு மீறல் என்று கேண்டீன் கான்ட்ராக்டருக்குக் கடிதம் போனது. இரண்டாம் நாள் மரகதக்காவின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். பூனைகளைச் சாக்கில் கட்டி, வல்லக்கோட்டை தாண்டி எங்கோ விட்டுவிட்டு வந்தார்கள். பொங்கல் கழித்து எனக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. வல்லக்கோட்டை முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். எந்த முகத்தோடு அங்கே போய் நின்றேன் என்று கேட்காதீர்கள். இதே முகத்தோடுதான்.

போன வாரம் சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். “தே, சாந்தி!” என்று ஒரு குரல். மரகதக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள். ஒரு வருடத்தில் பத்து வயது கூடியிருந்தது. இப்போது அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் நின்றபடியே வேலையாம். முழங்கால் வீங்கியிருந்தது. என் பிள்ளைகளை விசாரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“சாந்தி... உன்னாண்ட ஒன்னு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினு கீறேன்.”

தெரிந்துவிட்டதா? தெரிந்தால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

“தப்பு என்னோடதுதான். அத்தினி வருசமா சோத்த போட்டு அதுங்கள பழக்கிவெச்சது நானு. அப்பால தட்ட தள்ளி வெச்சா அதுங்களுக்குப் புரியுமா, இன்னா? என்னால நீ அத்தினி பேரு முன்னால தல குனிஞ்சி நின்னியே... மன்சுல வெச்சிக்காதடி.”

என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்: மணலை எடுத்தவள் நான் அக்கா. நாக்கின் நுனிவரை வந்ததை நான் உணர்ந்தேன். உணர்ந்தும்...

“விடுக்கா. நான் அதெல்லாம் அப்பவே மறந்துட்டேன்.”

அவள் பெருமூச்சு விட்டாள். பெரிய பாரம் இறங்கியதுபோல என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தன் நிறுத்தத்தில் இறங்கி, காலை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அவளிடம் சொல்லத்தான் போகிறேன். இது உறுதி. மேனேஜரிடமும் சொல்வேன். பர்மனென்ட் போனால் போகட்டும், மறுபடி எங்காவது துடைப்பம் பிடித்துக்கொள்கிறேன். பொய் எழுதினேன் என்று சொல்ல எனக்கு இப்போது தைரியம் இருக்கிறது. உன் வேலையைத் தின்றேன் என்று சொல்லவும் இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு ஆட்டோவில் நடந்ததை அவளுக்கு எப்படிச் சொல்வேன்? அவள் என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். நான் அவளை மன்னித்தேன்... நான், அவளை!