தண்ணீர் கொடுக்காத மகள்

பாரிசவாதம் அப்பாவின் வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டதை ஊர் முழுக்கக் கண்டது. தொண்டையையும் எடுத்துவிட்டது என்றால் ஒருவரும் நம்பவில்லை. வாயைத் திறக்கிறார், தண்ணீர் கேட்கிறார், பிறகென்ன என்றார்கள்.

விழுங்குவது ஒரு வரிசையில் நடக்கும் வேலை என்று டாக்குத்தர் விளக்கியிருந்தார். நாக்கு பின்னால் தள்ளும். குரல்வளை மேலே எழும்பும், மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளும். அதன்பிறகு உணவுக்குழாயின் தசைகள் சுருங்கிச் சுருங்கிக் கீழே இறக்கும். அப்பாவுக்கு மூச்சுக்குழாய் மூடப் பிந்தியது. தண்ணீர் காத்திருக்காது, நுரையீரலுக்குப் போய்விடும். ஆகவே தடித்த கஞ்சி மட்டும். நிமிர்த்தி இருத்தி, தலையைக் குனியவைத்துக் கொடுப்பேன். தொண்டையில் விரல் வைத்து, குரல்வளை எழும்பி இறங்கியதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி.

எங்கள் ஊரான உப்புக்குளத்தில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். கொண்டுவந்ததைத் தங்கள் கையாலேயே பருக்கினால்தான் வந்தவர்களுக்கு மனம் ஆறும். சோடாப் போத்தல்களோடு வந்தவர்களை நான் தடுத்தேன். "தேப்பனுக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கிறாளில்லை" என்ற கதை தேவாலயப் பூசைக்குப் போகும் வழியெல்லாம் கேட்டது.

ஒரு ஞாயிறு பூசைக்குப் போகும்போது அப்பாவின் தமக்கையை, என் மாமியை, காவலுக்கு இருத்தினேன். "ஒண்டும் குடுக்காதேங்கோ மாமி" என்று சொல்லித்தான் போனேன். திரும்பி வந்தபோது வாசலில் சீவிக் குடித்த செவ்விளநீர்க் கோம்பை கிடந்தது. அப்பா மல்லாந்து படுத்தபடி கொறகொறவென்று இருமிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆசையாய்க் குடிச்சவன் தெரியுமே!" என்றார் மாமி. அவரை அறைய வேண்டும்போல் இருந்தது.

அன்று பின்னேரமே காய்ச்சல் வந்தது. நுரையீரலில் சளி கட்டி, அந்தக் கிழமையே அப்பா போய்விட்டார்.

செத்தவீட்டில் மாமி ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து அழுதார். "கடைசியா என்ர கையாலதான் குடிச்சவன்." கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

"அந்த இளநிதான் மாமி அவரைக் கொண்டுபோட்டது" என்றேன்.

"அவர் தவிச்ச தவிப்பை ஆண்டவர் பாத்துக்கொண்டுதான் இருந்தவர், பிள்ளை" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அது எனக்குச் சொன்னது. மாமிக்குச் சொன்னதல்ல.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்த மாமி, செவ்விளநீர் ஒன்றைச் சீவி என் கையில் தந்தார். "கொப்பற்ற பேரில, உன்ர அப்பாவை நினைச்சுக் குடியன், பிள்ளை."

வாங்கி முற்றத்து மணலில் ஊற்றினேன். கல்நெஞ்சக்காரி என்றார்கள். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.