குனிவதற்கு முன் நுஸைபா

தரைத்தொட்டியின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் நுஸைபா வளையல்களைக் கழற்றுகிறாள். பிறகு தோடு, கொண்டை ஊசி, செல்போன். மூக்குக்கண்ணாடியைக் கழற்ற முடியாது, பார்வை அப்படி. அதன் கால்களில் ஒரு கயிற்றைக் கட்டிப் பின்கழுத்தில் இறுக்கிக்கொள்கிறாள். திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணீர் வருவதே அபூர்வம். அது கொட்டிக்கொண்டிருக்கையில், இவள் நகைக்கடை விரித்தால் பெற்றவளுக்குப் பொறுக்குமா?

"அடியே, தண்ணி எம்புட்டு ஏறியிருக்குன்னு பாக்கச் சொன்னா, குளிக்கப் போறவ மாதிரி நிக்கிறியே!" என்று கத்துவார் குர்ஷித் பேகம்.

"விழுந்துட்டா யாரும்மா தேடுறது?"

அடுப்பில் குழம்பு கொதித்தாலும் இதே கூத்துதான். வாய் திறந்த எதன்மேலும் அவள் வெறுங்கையும் வெறுங்காதுமாகத்தான் குனிவாள்.

பிழைப்பு அப்படி. தொலைவில் ஓர் அணுமின் நிலையத்தில், எரிபொருளைக் கையாளும் குழுவுக்கு அவள் தலைவி. உலை திறந்திருக்கும்போது கிட்டே போகிறவர்களுக்குச் சட்டைப்பைகூடக் கிடையாது. பேனாவுக்குக் கயிறு, கருவிக்குக் கயிறு. "அம்புட்டுப் பெரிய உலைய இத்தினியூண்டு சாமான் என்னடி பண்ணிரும்?" என்று தாய்க்குத் தீராத ஆவல். மகளும் அலுக்காமல் சொல்வாள்: "தண்ணி வேகத்துல அது எரிபொருள் கோலுக்கு நடுவுல சிக்கி ஆடிக்கிட்டே கெடக்கும்மா. உரசி உரசி ஓட்டை போட்டுரும். அப்பறம் உள்ள இருக்குற கதிர்வீச்சுச் சரக்கெல்லாம் தண்ணியில கலந்துரும்." கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாதா என்ன! ஆனாலும் அடுத்த விடுமுறையில் மறுபடி கேட்பார். கேட்பதில் ஒரு பெருமை.

இந்த நோன்புப் பெருநாளுக்காவது மகள் வீட்டில் இருக்கிறாள் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. பிறை தெரிந்ததும் அவளை உட்காரவைத்து வலக்கையில் மருதாணி இட ஆரம்பித்தார். அப்போது செல்போன் அடித்தது. தாயே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

அழுதது சத்யபிரியா, குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண். "அக்கா, எங் கண்ணாடியில ஒரு திருகாணியக் காணோம். உலைக்கிட்ட நின்னப்ப விழுந்துச்சா, எங்க விழுந்துச்சுன்னு தெரியல. நானேதான் போய்ச் சொன்னேன். சார் கத்துறாரு."

போனை மேலதிகாரி வாங்கினார். நாடெங்கும் வரிசையாக உலைகள் எழும்பும் காலம். எரிபொருள் நிரப்பும் தேதியைச் சொல்லி அவர் மேலிடத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"அது உடை மாத்துற ரூம்லதான் கெடக்கும் நுஸைபா. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா வேலையத் தொடங்கிருவோம். அடுத்த யூனிட்டுக்கு உங்களத்தான் பொறுப்பாப் போடலாம்னு இருக்கேன். இந்தப் பொண்ணுக்கு ஒரு மெமோ குடுத்துக்குறேன்."

குர்ஷித் பேகம் மகளின் வாயையே பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை! சொன்னால் பதவி உண்டு, பெருநாளும் உண்டு. சொல்லித் தொலையேன்டி என்று பெற்ற மனம் அடித்துக்கொண்டது.

"கேமரா எறக்கித் தேடணும் சார். தேடி முடிக்கிற வரைக்கும் நெரப்ப வேணாம். தானா வந்து சொன்ன புள்ளைக்கு மெமோ குடுத்தீங்கன்னா, நாளைக்கு யாருமே வாயத் தெறக்க மாட்டாங்க. அவளத் திட்டாதீங்க. நானே கெளம்பி வாரேன்."

"அப்ப அந்தப் பொறுப்பு..."

"வேற ஆளப் பாத்துக்கங்க சார்."

போன் அடங்கியது. "பெருநாத் தொழுகைய முடிச்சுட்டாவது போடி. பாதிக் கைதான்டி ஆயிருக்கு" என்றார் குர்ஷித் பேகம்.

நுஸைபா தாயின் தோளில் ஒரு கணம் நெற்றியைச் சாய்த்தாள். பிறகு எழுந்துபோய், செம்பில் தண்ணீர் மொண்டு, ஈரம் காயாத மருதாணியை உள்ளங்கையிலிருந்து வழித்துக் கழுவினாள்.