ஒஸ்தாவின் பெருவிரல்

நான் பயந்தாங்கொள்ளி என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருப்பவள் என் மனைவி ஆதிலா. அது பொய்யுமில்லை. கலியாணம் முடித்து ஏழு வருஷம் கழித்துக் கிடைத்த மகள். உச்சிக்குழி தோலுக்கடியில் துடிப்பதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஏழாம் நாள், அந்தத் தலையில் சவரக்கத்தி வைக்க ஊர் நாவிதர் ஸெய்னுதீன் ஒஸ்தா வந்துவிட்டார்.

"மெஷினால எடுக்கலாமே," என்று ஆதிலாவின் காதில் சொன்னேன்.

"என்ட தலையும் உங்கட தலையும் அவர் இறக்கினதுதானே? சும்மா இருங்க."

கிண்ணியாவில் பிறந்த பிள்ளைகளுக்கு முதல் முடி இறக்க ஒஸ்தாவைத்தான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாத மனுசன். எனக்கு இரட்டைச் சுழி இருப்பதை என் கலியாண வீட்டிலேயே, பெண் வீட்டார் காதுபடச் சொன்னவர். கத்தியோடு ஒரு கல்லும் கொண்டு வருவார். அவருடைய வாப்பா துறைமுகத்து வேலைத்தளத்தில் இருந்த காலத்துக் கல். கத்தியை அதில் தீட்டி, தோல் வாரில் இழுத்து, இடது பெருவிரல் சதையில் குறுக்கே மெல்ல வைத்துப் பார்ப்பார். கூர் இருந்தால் தோலில் ஒட்டும், மழுங்கியிருந்தால் வழுக்கும்.

அன்றைக்கு அவர் கண் கத்தியிலேயே இருந்தது. ஆதிலாவின் மடியில் பிள்ளை கிடக்க, வலது பக்கத்து முடியை அலுங்காமல் எடுத்தார். பிறகு நிறுத்தி, பெருவிரலில் கத்தியை வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"கூர் விட்டிட்டுது."

கல்லில் எண்ணெய் விட்டுத் தீட்டினார். விரலில் வைத்தார். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் தீட்டினார். பூனை மயிர் போன்ற முடிக்குக் கத்தி எப்படி மழுங்கும்? அவர் திரும்பி வந்து பிள்ளையின் தலையைப் பிடித்தபோது, காதுக்கு மேலே ஒரு சொட்டு இரத்தம்.

ஆதிலா பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். என் உயிர் என்னிடம் இல்லை.

"கத்தியைக் கீழ வையுங்க ஒஸ்தா. தொட வேணாம்," என்றேன்.

ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். காயமே இல்லை. ஆனால் பாயில் இன்னொரு சொட்டு விழுந்தது. அப்போதுதான் அவருடைய பெருவிரலைக் கண்டேன். மயிரிழை போலக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுகள், எல்லாவற்றிலும் இரத்தம். அவர் அதை வேறு யாருடையதோ விரல் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நோகேல்லயே, மகன்," என்றார். நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம், அவருக்குக் கனகாலம். கால் மரத்ததை அறிவார். விரலை அறிந்திருக்கவில்லை.

அவரை அனுப்பிவிடத்தான் நினைத்தேன். ஆனால் பாதித் தலையை மழித்துப் பாதியை விடுவது நம் மார்க்கத்தில் கூடாது. அவர் முகத்தைப் பார்த்ததும் என் கோபமும் இறங்கிவிட்டது. கத்தியைக் கொதிதண்ணீரில் போட்டெடுத்து, அவர் விரலுக்குத் துணி சுற்றினேன்.

"உங்கட பெருவிரலைத் தாங்கோ," என்றார் ஒஸ்தா.

பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டினேன். கத்தியை மெல்ல வைத்தார்.

"ஒட்டுதா, வழுக்குதா?"

"ஒட்டுது. நல்லா ஒட்டுது."

"அப்ப இது மழுங்கவே இல்ல." அவர் குரல் இறங்கிப்போனது. "விரல் செத்ததை நான் கத்தி செத்ததெண்டு நினைச்சிருக்கிறன்."

மிச்சத் தலைக்கு நான்தான் தோலை இழுத்துப் பிடித்தேன், அவர் கத்தியை ஓட்டினார். உச்சிக்குழியின் துடிப்பு என் விரலுக்குள் ஏறியது. மூச்சு விடவும் பயம். அவருடைய வலது கை மட்டும் ஆடாமல் ஓடியது. ஒரு கீறல் இல்லாமல் முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். என் பயம் அதோடு முடிந்தது.

ஒஸ்தா தேத்தண்ணியைத் தொடவில்லை.

"போன கிழமை மூதூரில ஒரு பிள்ளைக்கு இறக்கினனான். அண்டைக்கும் வழுக்குதெண்டு திருப்பித் திருப்பித் தீட்டினனான். என்னை அங்க கொண்டு போவீங்களா?"

மோட்டார் சைக்கிளில் மூதூர் வரை என் தோளை விடாமல் பிடித்திருந்தார். பிள்ளையைப் பார்க்க வந்தோம் என்று அந்த வீட்டில் சொன்னோம். பிள்ளை ஏணையில் தூங்கியது. ஒஸ்தா குனிந்து குனிந்து பார்த்தார். கையை நீட்டி, தொடாமலே இழுத்துக்கொண்டார்.

"நீங்க தடவிப் பாருங்கோ, மகன். கண்ணுக்குப் படாத கீறல் கைக்குப் படும். என்ட கைக்கு இனி ஒண்டும் படாது."

நெற்றியிலிருந்து பிடரி வரை தடவினேன். புதுமுடி சொரசொரத்தது.

"ஒண்டுமில்ல, ஒஸ்தா."

"மற்றப் பக்கம்?"

"அங்கயும் ஒண்டுமில்ல."

முற்றத்துக்கு வந்ததும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்திருந்தது.

"அதுக்கு முந்தி குறிஞ்சாக்கேணியில ஒரு பிள்ளை, மகன்," என்றார்.

நான் மோட்டார் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பினேன்.