பிறேம் அண்ணையின் இரண்டாவது கேள்வி

"கோபிகா, தேத்தண்ணிக்குச் சீனி போட்டாச்சோ?"

"ஓம் அண்ணை."

"நிச்சயமோ?"

கோபிகா ஒரு கணம் யோசித்தாள். பிறகு கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு குசினிக்குப் போய் இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு வந்தாள். பிறேம் அந்தச் சீனிப்பாணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்து முடிக்கும்வரை அவருடைய முகம் படாத பாடு பட்டது.

"பாத்தீங்களோ அன்ரி," என்றார் என்னிடம். "தான் போட்ட சீனியிலேயே இவவுக்கு நம்பிக்கை இல்லை."

பிறேமுக்கு இருபத்தேழு வயது. உடுவில்காரர். மருத்துவம் படித்து முடித்துவிட்டார். பயிற்சி வைத்தியராகப் போவதற்கு நியமனம் வரும்வரை, படித்த பீடத்திலேயே உடற்கூற்றியல் பிரிவில் தற்காலிக வேலை பார்க்கிறார். கொக்குவிலில் எங்கள் வீட்டு மேல்மாடியில் மருத்துவ மாணவிகள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களுக்குப் படிப்பிக்க வருவதாகச் சொல்லிக்கொண்டு பின்னேரங்களில் வருவார். வந்து படிப்பித்ததை நான் கண்டது குறைவு. சாப்பிட்டீர்களா, நித்திரை கொண்டீர்களா, வீட்டுக்குப் போன் எடுத்தீர்களா என்று விசாரித்து முடியவே பொழுது பட்டுவிடும்.

ஹெல்மெற்றுக்குள் பேக்கரிப் பணிஸ் இருக்கும். துணிப்பைக்குள் படிப்பிக்கிற எலும்பு இருக்கும். சில நாட்களில் இரண்டும் இடம் மாறியும் இருக்கும். ஒருநாள் எலும்பு ஹெல்மெற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதை முன்வீட்டுப் பராசக்தி அக்கா கண்டுவிட்டார். அது பிளாஸ்டிக் என்று எவ்வளவோ சொல்லியும் அவர் எங்கள் கேற்றுக்கு உள்ளே வரவில்லை. பணிஸைக் கையில் எடுத்தால் கண்ணை மூடிச் செபம் செய்யாமல் பிறேம் சாப்பிடமாட்டார். சின்னச் செபம்தான். ஆனாலும் கண்ணைத் திறக்கும்போது பாதிப் பணிஸ் போய்விட்டிருக்கும். எடுத்தது யார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த நாலு பேரில் கோபிகா நீர்வேலிப் பிள்ளை. தகப்பன் வாழைத்தோட்டம் செய்கிறார். பெரியவர்களுக்கு வாய் காட்டக்கூடாது என்று வளர்த்த பிள்ளை. எனக்கு முன்னால் கதிரையில் இருக்கவே கூச்சப்படுவாள். எழுத்துப் பரீட்சையில் அவளுக்கு நல்ல புள்ளி. வாய்மொழிப் பரீட்சையில் தவறிவிட்டாள். மறுபடி தோற்ற ஒரு வாய்ப்பு இருந்தது. அதிலும் தவறினால், தன்னோடு படித்தவர்களை விட்டு அடுத்த வருடப் பிள்ளைகளோடு போய் இருக்கவேண்டும். அந்த வெட்கம் தன்னால் தாங்க ஏலாது என்று பெட்டியை அடுக்கிவிட்டாள்.

"என்ன செய்யப் போறீர்?" என்று கேட்டார் பிறேம்.

"வாழைக்குத் தண்ணி பாய்ச்சப் போறன்."

"நல்ல வேலை. போறதுக்கு முதல் ஒண்டு சொல்லும். சேர் என்ன கேட்டவர்?"

மேல்கை எலும்பைக் காட்டி, இந்தப் பள்ளத்தில் ஓடும் நரம்பு எது என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். இவள் சரியாகச் சொல்லியிருக்கிறாள். அவர் எல்லோரிடமும் கேட்பதுபோல, நிச்சயமா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். உடனே இவள் மன்னிப்புக் கேட்டு, வேறொரு நரம்பின் பெயரைச் சொல்லிவிட்டாள். அடுத்தடுத்த கேள்விகளுக்கும் அதே கதைதான்.

"தெரிஞ்ச விடையை ஏன் மாத்தினனீர்?"

"சேர் திருப்பிக் கேட்டவர் அண்ணை."

"கேட்டா?"

"பிழையெண்டாத்தானே பெரியாக்கள் திருப்பிக் கேப்பினம்."

பிறேம் சிரிக்கவில்லை. "நானும் ஒருக்கால் பெயிலானனான்," என்றார். "ஏன் பெயிலானனீர் எண்டு என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. படிக்கேல்லை எண்டு அவையளாவே முடிவெடுத்திட்டினம். நீர் பெட்டியை அவிழும்."

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தத் திருப்பிக் கேட்கும் வைத்தியம். எலும்பு புத்தகத்தில் கிடக்கிறது, அதைப் பிள்ளை தானே படிக்கும் என்று அவர் விட்டுவிட்டார். கோபிகா வாயைத் திறந்தால் போதும், நிச்சயமோ என்பார். உம்முடைய பெயர் என்ன என்று கேட்டுவிட்டு அதற்கும் நிச்சயமோ என்றார். அதற்கும் அவள் யோசித்தாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தன்னோடு பழகிவிட்டாள், தனக்குப் பயப்படமாட்டாள் என்று சொல்லி என்னைப் பேராசிரியர் ஆக்கினார். என் கணவரின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். எலும்புக்கும் முருங்கைக்காய்க்கும் வித்தியாசம் தெரியாதவள் நான். அந்த நான் நிச்சயமோ என்று கேட்டாலும் பிள்ளை விடையை மாற்றியது. பதவி எனக்கும் பிடித்துப்போய்விட்டது. பிறேம் வராத நாளிலும் கறிக்கு உப்புப் பார்க்கச் சொல்லி, நிச்சயமோ என்று கேட்கத் தொடங்கினேன்.

மறுபரீட்சை கிட்டிய நேரம், ஒருநாள் வழக்கம்போல நிச்சயமோ என்று கேட்டேன். கோபிகா என் கண்ணை நேரே பார்த்தாள்.

"ஓம் அன்ரி. நிச்சயம். அதிலை மாற்றமில்லை."

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. என் வீட்டில் இருந்துகொண்டு எனக்கே எதிர்க்கதையா என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த பிறேம் அதைக் கண்டுகொண்டார்.

"அன்ரி, கோவிக்காதேங்கோ. உந்த ஒரு சொல்லுக்குத்தான் நாங்கள் இவ்வளவு பாடும் பட்டனாங்கள்."

கோபம் போனபிறகுதான் விளங்கியது. சொந்தப் படிப்பு முடிந்தும், நியமனம் எந்த ஊரில் வரும் என்ற கவலை தலைக்குமேல் இருந்தும், ஊரார் பிள்ளை ஒன்று ஓம் என்று சொல்வதற்காக இந்தப் பொடியன் தினமும் பாணி குடித்துக்கொண்டிருக்கிறான். அவன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த பட்சம் இன்னும் குறையவில்லை.

முடிவு வந்தது. கோபிகா சித்தியடைந்துவிட்டாள். வீட்டுக்குப் போய்க் கதலிக்குலை ஒன்றோடு வந்தவள், பரீட்சை அறையில் நடந்ததை அப்போதுதான் எனக்குச் சொன்னாள்.

அன்று எலும்புகளை எடுத்துக் கொடுப்பதும், நேரம் முடிய மேசை மணியை அடிப்பதும் பிறேமின் வேலையாம். வாய் திறக்கக்கூடாது. வாய் திறக்காவிட்டால் என்ன, விடை சரியோ பிழையோ என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருக்குமே. பேராசிரியர் முதற்கேள்வி கேட்டார். இவள் விடை சொன்னாள். நிச்சயமா என்றார் அவர். இவள் பதறிப்போய்ப் பிறேமின் முகத்தைத் தேடினாள்.

"அண்ணை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யன்னலுக்கு வெளியாலை பாத்துக்கொண்டு நிக்கிறார் அன்ரி. எனக்கு வந்த ஆத்திரம். பிறகு, சரி, ஒருத்தருமில்லை, நான்தானே எண்டு நினைச்சன். ஓம் சேர், நிச்சயம் எண்டு சொன்னன்."

பேராசிரியர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். ஒவ்வொன்றுக்கும் நிச்சயமா என்றார். ஒவ்வொன்றுக்கும் இவள் ஓம் என்றாள். நேரம் முடிந்தது. மணி கேட்கவில்லை. "பிறேம், மணி," என்றார் பேராசிரியர். யன்னலடியில் நின்றவர் அசையவில்லை. பேராசிரியர் இன்னொரு முறை கூப்பிட்டார். பிறேம் அப்போதும் முகத்தைத் திருப்பாமல், கையை மட்டும் பின்னால் நீட்டி, மேசையைத் தடவித் தடவி மணியைக் கண்டுபிடித்து அடித்தாராம்.