சுவரில் இருந்த கப்பல்

மாலை ஐந்தே காலுக்கு மகள் ஆங்கில ரியூசனிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆறரையாகியும் வரவில்லை, கைபேசியும் அணைந்திருந்தது. வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்தேன். மேசையில் அவளுடைய ஆங்கிலப் புத்தகம், பழைய பாய்க்கப்பல் ஓவியமுள்ள பக்கத்தில் திறந்து கிடந்தது.

அதே போன்ற கப்பல் என் சின்ன வயதில் எங்கள் ஆங்கில ரீச்சர் வீட்டுச் சுவரிலும் இருந்தது. போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீடு; வாவிக்காற்றோடு கேக் வேகும் வாசனை வரும். படத்தைப் பார்த்து ஆளுக்கொரு வசனம் ஆங்கிலத்தில் சொன்னால்தான் ரீச்சர் வீட்டுக்கு விடுவார். எப்போதும் கடைசி நான்தான்.

ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த ஒரு நாளும் அப்படித்தான் பிந்தினேன். எங்கள் வீட்டு வாசற்படலையில் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற அப்பா என்னை ஏசவில்லை.

"இண்டைக்குக் கப்பல் எங்க போச்சு, மகள்?" என்று மட்டும் கேட்டார்.

யாரும் தொடாமலே சைக்கிள் மணி கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. ஏனென்று அன்று எனக்கு விளங்கவில்லை.

சாவிக்கொத்தோடு வாசலுக்கு ஓடினேன். மகள் வந்துகொண்டிருந்தாள்.

"போன்ல சார்ஜ் இல்லம்மா. ரீச்சர் கோட்டைக்குக் கூட்டிப் போனவ. பீரங்கியப் பத்தி ஆளுக்கொரு வசனம் இங்கிலீசில சொல்லோணுமாம். நான்தான் கடைசி. ஏம்மா, உங்கட கையில சாவி இப்பிடிக் கிலுங்குது?"