அம்மை போட்ட வாரம்

குளிர்மலை மேலிருக்கும் எங்கள் போளூரில் வீடு வீடாகப் போய், "காய்ச்சலானாலும் இன்சுலின் ஊசியை நிறுத்தாதீங்க" என்று அதட்டுகிற சுகாதாரப் பணியாளர் நான். எனக்கும் சர்க்கரைதான்.

போன மாசியில் எனக்கு அம்மை போட்டது. ஆத்தா இறங்கியிருக்கும்போது உடம்பில் ஊசி படக்கூடாது என்றார் மாமியார். ஊரையே அதட்டும் நானே ஊசியை நிறுத்தினேன். உள்ளுக்குள் எனக்கும் பயம். குளிர்மலையில் வேம்பு வளராது என்பதால் அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் வேப்பிலை வந்தது. இன்சுலின் வீட்டிலேயே இருந்தது. மூன்றாம் நாள் நினைவு தப்பியது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, ஊசிக்காக நான் ஓயாமல் திட்டும், பூண்டுக்காட்டில் வேலை செய்யும் சர்க்கரைக்காரப் பெண் பக்கத்தில் இருந்தாள். பரிவோடுதான் சொன்னாள்:

"எனக்கு அம்மை போட்டப்ப, நீங்க வைவீங்கன்னு பயந்தே தெனமும் ஊசி போட்டேங்க்கா. ஒங்கள வைய ஒரு ஆளில்லாமப் போச்சே."