சூட்டில் எடுத்த அளவு

செஞ்சியில் இருக்கும் என் லேத் பட்டறையில், அனந்தபுரத்து விவசாயி ஒருவரின் பம்புசெட் மோட்டாருக்கு, தண்டு உள்ளே சுழலும் பித்தளை வளையமான புஷ் ஒன்றைக் கடைந்தேன். கடைந்த சூட்டோடு மோட்டார் தண்டை நுழைத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. இரண்டையும் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தேன்.

மறுநாளே அந்த விவசாயி திரும்பி வந்தார். "இன்னாண்ணா, தண்டு உள்ளயே போவல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேற்று என் கையால் நுழைத்த தண்டாயிற்றே! அழுத்திப் பார்த்தேன், நுழையவில்லை. ஏதோ தோன்ற, பக்கத்து டீக்கடை அடுப்பில் புஷ்ஷைக் காட்டினேன். சுட்டதும் நுழைந்தது. கடையும்போது ஏறிய சூட்டில் விரிந்த துளை, ஆறியதும் சுருங்கியிருக்கிறது.

அவர் என்னையே பார்த்தார். "அப்போ மோட்டார் ஓட்ட, கெணத்தாண்ட அடுப்பு மூட்டணுமா?"

இப்போதெல்லாம் நடுநடுவே லேத்தை நிறுத்தி, புஷ்ஷில் கன்னத்தை வைத்துப் பார்க்கிறேன். கன்னம் சுட்டால் அளப்பதில்லை.